ஆங்கிலம் பேச ஆளில்லையா? உங்களோடு நீங்களே பேசுங்கள்

கொள்முதல், கடன், கணக்கு ஆகிய விடயங்களை இந்த வாரம் சற்று ஒதுக்கி வைப்போம். நம்மில் பலர் வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கும் ஒரு குறையைப் பற்றிப் பேசுவோம். ஆங்கிலத்தில் வாய் திறந்து பேச முடியவில்லை என்பதே அந்தக் குறை.

முதலில் நம்மிடமுள்ள பலத்தைப் பார்ப்போம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று மலையகத்தின் எந்த நகரத்துக் கடைத்தெருவுக்குப் போனாலும் நம்மவர்கள் இரண்டு மொழிகளில் வியாபாரம் செய்கிறார்கள். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் அம்மாவுக்குத் தமிழில் விலை சொல்லி, அதே மூச்சில் பக்கத்தில் நிற்கும் மாத்தயாவிடம் சிங்களத்தில் பேரத்தை முடிக்கிறார்கள். அந்தச் சிங்களத்தை நாம் எந்தப் பாடசாலையில் படித்தோம்? இலக்கணப் புத்தகம் வாங்கியா படித்தோம்? இல்லை. வாப்பாவின் கடையிலோ மாமாவின் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழையாகப் பேசினோம். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே திருத்தினார். மறுநாள் சரியாகப் பேசினோம். அவ்வளவுதான்.

ஆங்கிலம் மட்டும் ஏன் அப்படி வரவில்லை? மூளையில் குறையில்லை. சிங்களம் பேசுவதற்கு நாள் முழுக்க ஆட்கள் கடைக்கு வந்தார்கள். ஆங்கிலம் பேசுவதற்கு வாரத்துக்கு ஒருவர் வந்தால் பெரிய காரியம். வாய்க்கு வேலை கொடுக்காத மொழி வாயில் தங்காது. பாடசாலையிலும் ஆங்கிலம் நமக்கு எழுத்துப் பாடமாகவே இருந்தது. கரும்பலகையில் இருந்ததைக் கொப்பியில் எழுதினோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். பேசவே இல்லை.

ஆகவே நம் முன்னால் உள்ள கேள்வி இதுதான்: பேச ஆளில்லாத ஊரில் ஒரு பேச்சு மொழியை எப்படிப் பழகுவது? தனியாக, வாய்விட்டு, நமது வியாபாரத்தின் வசனங்களைக் கொண்டே பழகலாம். அதற்கான வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இது ஏன் அவசியம்?

1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அறிவித்தது. சட்டம் அப்படிச் சொல்வதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வியாபாரத்தை இணைத்தது ஆங்கிலம்தான். மலையகத்தின் உயிரான தேயிலையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கினார். 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் அந்த ஏலம் கணனிக்கு மாறியது. இத்தனை மாற்றம் வந்த பிறகும் பி.ஓ.பி., ஓ.பி., டஸ்ட் என்று தேயிலைத் தரங்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கின்றன.

இன்று ஆங்கிலம் கொழும்போடு நிற்கவில்லை, நமது வாசலுக்கே வந்துவிட்டது. சிவனொளிபாத மலைக்கு ஹட்டன் வழியாக வெளிநாட்டவர் வருகிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, தோட்டப் பாதைகள் வழியாக எல்ல வரை சுற்றி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ ட்ரெயில்’ என்ற நடைபாதை 2023இல் அறிமுகமானது. 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பாதை அது. அதில் நடப்பவருக்குத் தண்ணீர்ப் போத்தல் வேண்டும், மழைக்கோட்டு வேண்டும், ஊருக்குக் கொண்டு போக ஒரு பக்கெட் தேயிலை வேண்டும். நுவரெலியா பேல் பஸாரில் ஜக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும் வெள்ளைக்காரர், துணியைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லும் கடையில்தான் நின்று வாங்குகிறார். விலையை மட்டும் கல்குலேட்டரில் தட்டிக் காட்டும் கடையைத் தாண்டி நடந்து விடுகிறார்.

வெளிநாட்டவரை விடுங்கள். இறக்குமதிக் கம்பனி அனுப்பும் விலைப்பட்டியல், புதிய இயந்திரம் விற்க வரும் ஆள், கூரியர் கம்பனியின் அழைப்பு, வங்கி அதிகாரியின் விளக்கம் என்று எல்லாவற்றிலும் ஆங்கிலம் கலந்திருக்கிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? மகனைக் கூப்பிடுகிறோம், அல்லது இடையில் ஒருவரை வைத்துக் கொள்கிறோம். மகன் கொழும்புக்குப் படிக்கப் போய்விட்டால் கடையின் வாய் பூட்டப்பட்டு விடுகிறது. இடையில் நிற்பவரோ நம் சார்பில் என்ன பேசினார், எதற்குச் சம்மதித்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை. முப்பது வருடம் பாடுபட்டுக் கட்டிய வியாபாரத்தின் பேரம் இன்னொருவர் வாயில் நடக்கிறது. கொமிசன் போவது சிறிய நட்டம். நம் கடையின் பிடி நம் கையை விட்டுப் போவதுதான் பெரிய நட்டம்.

இடையில் ஆள் வைக்காமல் நேரடியாக மொழியைக் கற்றுக் கொள்வது நமக்குப் புதிய பாடமல்ல. வேற்று மொழியில் வரும் கடிதங்களைப் பிறர் வாசித்துச் சொல்லும் நிலை வேண்டாம் என்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுக் கொண்டார் என்று திர்மிதி கிரந்தத்தில் பதிவாகியிருக்கிறது. அவருடைய ஆற்றல் எல்லோருக்கும் வராது. நாம் அரை வருடம் எடுத்துக் கொள்வோம், குற்றமில்லை.

சின்னத்துரைமார் படித்த தமிழ்

தனியாக ஒரு மொழியைப் பழகியவர்களுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. இதே மலையில் இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் தோட்டங்களுக்கு வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞர்களை நம் மக்கள் சின்னத்துரை என்று அழைத்தார்கள். அவர்களுக்கு ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாது. தோட்டத்தில் வேலை வாங்கவோ தமிழ் இல்லாமல் முடியாது. அவர்களுக்காகவே கொழும்பில் ஃபேர்கசன் நிறுவனத்தார் ஒரு சிறிய புத்தகத்தை வெளியிட்டார்கள். அதன் பெயர் ‘இங்கே வா’. சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ்க் கையேடு என்பது அதன் துணைத் தலைப்பு. பிறகு 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்ற புத்தகமும் வந்தது. தமிழ் எழுத்துத் தெரியாத துரைமாருக்காக, தோட்டத்தில் அன்றாடம் பேசும் தமிழை ஆங்கில எழுத்தில் தந்த புத்தகங்கள் இவை.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் என்ன? அந்த இளைஞர் தமிழ் இலக்கணம் முழுவதையும் படிக்கக் காத்திருக்கவில்லை. தன் வேலைக்கு வேண்டிய வசனங்களை மட்டும் பழகி, மறுநாள் காலையில் பிரட்டுக் களத்தில் சொன்னார். உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் அவர் வெட்கப்படவில்லை. ஒரு வெள்ளைக்காரர் பிழையான தமிழில் பேசியபோது யாரும் அவரைப் படிப்பில்லாதவர் என்று சொல்லவுமில்லை. அப்படியிருக்க, நாம் மூன்றாவது மொழியாகப் பேசும் ஆங்கிலத்தில் ஒரு பிழை வந்தால் தலைகுனிவது ஏன்? சிங்கள மக்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டும் ஆயுதம் என்ற கசப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. நமக்கு அது வாளாக வேண்டாம், தராசாக இருந்தால் போதும். நிறுக்கத் தெரிந்தால் சரி.

ஆனால் அந்தப் புத்தகத்தின் பெயரையும் சற்றுக் கவனியுங்கள். ‘இங்கே வா’. அது கட்டளை இடுவதற்காகப் படித்த மொழி, அதிலும் மரியாதையில்லாத மொழி. துரைக்கு அது போதுமாக இருந்தது. வியாபாரிக்குப் போதாது. நாம் கேட்கவும் விசாரிக்கவும் நன்றி சொல்லவும் வேண்டியவர்கள். அவர்களுடைய முறையை எடுத்துக் கொள்வோம், தோரணையை விட்டுவிடுவோம்.

சொல் இருக்கிறது, வசனம்தான் இல்லை

“எனக்கு ஆங்கிலமே தெரியாது” என்று சொல்லும் நானாமாரிடம் ஒரு கேள்வி. நேற்றுக் கடையில் என்னென்ன சொற்கள் பேசினீர்கள்? இன்வொய்ஸ், ஸ்டொக், டிஸ்கவுண்ட், கிரெடிட், பெலன்ஸ், செக், ரிட்டர்ன், டெலிவரி, சைஸ், குவாலிட்டி, ரேட், பில். இவை எல்லாம் ஆங்கிலம் அல்லவா? தோட்ட மக்களின் ‘லயம்’ கூட ஆங்கிலத்தின் ‘லைன்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே. ‘பரேட்’ என்பதுதான் பிரட்டு ஆயிற்று. செங்கல்லும் மணலும் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. சுவர் மட்டும் இன்னும் எழும்பவில்லை. சொற்களைச் சேர்த்து வசனமாக வாயில் அடுக்கும் பழக்கம்தான் நமக்குக் குறைவு. அதைத் தனியாகவே பழகலாம்.

நாவுக்கு ஒரு நற்செய்தி

குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதப் பழகியவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பில் பாதி வேலை முடிந்தது என்றே சொல்லலாம். தமிழ் எழுத்தில் இல்லாத பல ஓசைகள் அவர்கள் நாவில் ஏற்கனவே இருக்கின்றன.

ஃபா எழுத்தை ஓதும்போது மேற்பற்கள் கீழுதட்டைத் தொடுகின்றன அல்லவா? ‘ஃபுல்’ என்பதற்கும் அதே இடம்தான். அதை விட்டால் ‘நிறைய’ என்று பொருள்படும் ‘ஃபுல்’, ‘இழு’ என்று பொருள்படும் ‘புல்’ ஆகிவிடும். ராவுக்கு மேல் ஒரு புள்ளி வைத்த எழுத்தின் ஓசை ஆங்கிலத்தின் கடைசி எழுத்துக்குரிய ஓசை. ‘பிரைஸ்’ என்ற சொல்லின் முடிவில் அந்த ஓசை வந்தால் பரிசு, சாதாரண ‘ஸ்’ வந்தால் விலை. மூன்று புள்ளி வைத்த எழுத்தும், தாலுக்கு மேல் புள்ளி வைத்த எழுத்தும் நாக்கின் நுனி மேற்பற்களின் முனையைத் தொட்டுப் பிறப்பவை. ‘திங்க்’, ‘திஸ்’ என்ற சொற்களின் முதலோசை இவைதான். வாவ் எழுத்துக்கு உதடுகளைக் குவிக்கிறோம். ‘மேற்கு’ என்ற பொருளில் ‘வெஸ்ட்’ சொல்லும்போது அப்படிக் குவிக்க வேண்டும். குவிக்காமல் பல்லை உதட்டில் வைத்தால் அது உள்ளாடையான ‘வெஸ்ட்’ ஆகிவிடும். உடுப்புக் கடைக்காரருக்கு இது வேண்டிய பாடம்.

திருத்த வேண்டிய தமிழ்ப் பழக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சொல்லின் முடிவில் ‘உ’ சேர்ப்பது: பேங்கு, செக்கு, ரைட்டு. மற்றது, சொல்லின் முன்னால் ‘இ’ சேர்ப்பது: இஸ்டொக், இஸ்டோர். இவை இரண்டையும் விட்டாலே நம் பேச்சுப் பாதி தெளிவாகிவிடும்.

ஓதுவது எப்படிப் பழகினோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தா பழகினோம்? மத்ரஸாவில் வாய்விட்டு, திரும்பத் திரும்ப, காதால் கேட்டுத்தானே பழகினோம். ஆங்கிலத்துக்கும் வழி அதுவே. மனதுக்குள் படிப்பது படிப்பல்ல. சத்தம் வெளியே வர வேண்டும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடப் பயிற்சி

ஸுபஹுக்குப் பிறகோ, கடை திறக்கும் முன்போ, லொறியில் சாமான் ஏற்றப் போகும் வழியிலோ இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரமாக இருப்பது நல்லது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் இருப்பதை விட, தினமும் இருபது நிமிடம் பலன் தரும்.

1. உங்கள் கடையின் வசனங்களைச் சேருங்கள். ஒரு சிறிய கொப்பி வாங்குங்கள். ஒரு வாரம் கடையில் நீங்கள் தமிழிலும் சிங்களத்திலும் அடிக்கடி சொல்லும் வசனங்களைக் குறித்து வாருங்கள். “கிலோ என்ன விலை”, “பத்துக்கு மேல் எடுத்தால் குறைத்துத் தரலாம்”, “இது கழுவினால் சாயம் போகாது”, “மிச்சம் நாளைக்கு அனுப்புகிறேன்”. இப்படி ஒரு முப்பது வசனம் சேரும். அவற்றுக்குரிய ஆங்கிலத்தைப் பிள்ளைகளிடமோ ஆசிரியரிடமோ கேட்டு எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை. துரைமாரும் தமிழை அவர்கள் எழுத்தில்தானே படித்தார்கள்?

2. சாமானைப் பார்த்துப் பேசுங்கள். கடை திறந்து அலமாரியைத் துடைக்கும்போது கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டு வசனம் சொல்லுங்கள். “திஸ் இஸ் ஹை க்ரோன் டீ. இட் கம்ஸ் ஃப்ரொம் அபவ் ஃபோர் தௌசண்ட் ஃபீட்.” அதாவது, இது நாலாயிரம் அடிக்கு மேல் விளைந்த உயர்நிலத் தேயிலை. “திஸ் ஜக்கெட் இஸ் வோட்டர்ப்ரூஃப்.” இந்த ஜக்கெட்டில் தண்ணீர் ஊறாது. பொருள் கண் முன்னால் இருக்கும்போது சொல் மறக்காது.

3. கூடவே சொல்லுங்கள். ஆங்கிலச் செய்தியிலோ பாடத்திலோ ஒரு நிமிடப் பகுதியைப் போனில் போட்டு, பேசுபவரின் குரலுக்குப் பின்னால் நிழல் போல அப்படியே சொல்லிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் இடங்களில் இந்த முறை உண்டு. ஜப்பானிய ஆங்கில வகுப்புகளிலும் பெரிதும் பயன்படுகிறது. அர்த்தம் முழுவதும் விளங்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் குரல் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பது நாவில் பதியும். ஒரே பகுதியை ஒரு வாரம் சொல்லுங்கள்.

4. ஒரே பேச்சை மூன்று முறை பேசுங்கள். நியூசிலாந்தின் மொழிக் கல்வி அறிஞர் போல் நேஷன் எடுத்துரைத்த பயிற்சி ஒன்று உண்டு. ஒரு விடயத்தைப் பற்றி முதலில் நான்கு நிமிடம் பேசுவது. அதே விடயத்தை மூன்று நிமிடத்தில் சொல்வது. பிறகு இரண்டு நிமிடத்தில். வகுப்பில் ஒவ்வொரு முறையும் வேறு ஆளிடம் சொல்வார்கள். நாம் தனியே சுவரைப் பார்த்துச் சொல்லலாம். சொல்ல வேண்டியது ஏற்கனவே தெரிந்ததால் மூன்றாவது தடவை தடுமாற்றம் குறைந்து பேச்சு ஓடத் தொடங்கும். நான்கு நிமிடம் கடினமாக இருந்தால் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று தொடங்குங்கள். தலைப்பு வேறெங்கும் தேட வேண்டாம்: “எனது கடை”, “நேற்றைய வியாபாரம்”, “ஏப்ரல் சீசனில் நுவரெலியா”.

5. இரண்டு பக்கத்துக்கும் நீங்களே பேசுங்கள். ஒரு நிமிடம் வாடிக்கையாளர், ஒரு நிமிடம் முதலாளி. “கேன் யு கிவ் மீ எ பெட்டர் பிரைஸ்?” என்று அவராகக் கேளுங்கள். முதலாளியாகப் பதில் சொல்லுங்கள். அவர் பொருளைத் திருப்பித் தர வருகிறார், என்ன சொல்வீர்கள்? அவர் கேட்கும் சைஸ் இல்லை, எப்படிச் சொல்வீர்கள்? நாளைக்கு வரக்கூடிய கேள்விக்கு இன்றே வாய் தயாராகிவிடும்.

6. போனைத் திருத்தும் ஆசிரியராக்குங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் கேட்கக் கூச்சமாக இருக்கும். நாலாம் நாள் பழகிவிடும். பதிவுகளை அழிக்காமல் திகதி போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பதிவைக் கேட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது விளங்கும். இன்னொரு வழியும் உண்டு. போனின் கீபோர்டை ஆங்கிலத்தில் வைத்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் நாம் சொன்னதை அது எழுதிக் காட்டும். நாம் ஒன்று சொல்ல அது வேறொன்றை எழுதினால், அந்தச் சொல்லை இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். அது யாரிடமும் போய்ச் சொல்லாது, சிரிக்கவும் செய்யாது.

இலக்கத்தில் தனிக் கவனம்

வேறு வசனங்களில் பிழை வந்தால் சிரிப்போடு போகும். இலக்கத்தில் பிழை வந்தால் காசு போகும். ‘ஃபிஃப்டீன்’ பதினைந்து. ‘ஃபிஃப்டி’ ஐம்பது. தொலைபேசியில் இரண்டும் ஒன்று போலவே கேட்கும். பதினைந்தில் அழுத்தம் பின்பகுதியில் விழும், அது நீளும். ஐம்பதில் அழுத்தம் முன்பகுதியில் விழும், முடிவு குறுகும். பதின்மூன்று முப்பது, பதினாறு அறுபது எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இருந்தாலும் அழுத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். “ஃபிஃப்டீன், வன் ஃபைவ்” என்று இலக்கத்தைப் பிரித்தும் சொல்லப் பழகுங்கள்.

நம்முடைய இலட்சமும் கோடியும் வெளிநாட்டவருக்கு விளங்காது. ஓர் இலட்சம் ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’. பத்து இலட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். இரண்டரை மில்லியன் என்றால் இருபத்தைந்து இலட்சம் என்று யோசிக்காமல் வாயில் வர வேண்டும். பழைய பில் புத்தகத்தைத் திறந்து அதிலுள்ள தொகைகளை ஆங்கிலத்தில் வாசியுங்கள். இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்றை முதலில் பிடித்துக் கொள்ளுங்கள்: நடந்ததா, நடக்கப் போவதா? “ஐ ஹாவ் பெய்ட்” என்றால் காசு கட்டிவிட்டேன். “ஐ வில் பே” என்றால் இனித்தான் கட்டுவேன். இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அது மொழிப் பிழையாக நிற்காது, வாக்குப் பிழையாகிவிடும். மற்ற இலக்கணம் மெதுவாக வரட்டும்.

‘யெஸ்’ சொல்லும் முன்

இப்போது மிக முக்கியமான விடயம். ஆங்கிலம் விளங்காதபோது நம்மவர்கள் அதிகம் சொல்லும் வார்த்தை எது தெரியுமா? “யெஸ், யெஸ். ஓகே. நோ ப்ரொப்ளம்.” விளங்கவில்லை என்பதை மறைக்க இதைச் சொல்கிறோம். எதிரில் இருப்பவரோ அதை உடன்பாடு என்று எழுதிக் கொள்கிறார். விலைக்கும், திகதிக்கும், போக்குவரத்துச் செலவுக்கும் நாம் தலையாட்டிவிட்டோம் என்பது இன்வொய்ஸ் வந்த பிறகுதான் தெரியும். வியாபாரியின் வாய்ச்சொல் அமானிதம். விளங்காத ஒன்றுக்கு ஆம் என்று சொல்வது, வாசிக்காத பத்திரத்தில் ஒப்பம் வைப்பது போல.

ஆகவே எல்லா வசனங்களுக்கும் முன்பாக இந்த நான்கையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள்:

“சொறி, ஐ டிட் நொட் அண்டஸ்டாண்ட்.” எனக்கு விளங்கவில்லை.

“ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.” தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள்.

“லெட் மீ ரிப்பீட்.” நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள்.

“ப்ளீஸ் ஸெண்ட் இட் இன் ரைட்டிங்.” எழுத்தில் அனுப்புங்கள்.

இவற்றைச் சொல்வதால் மரியாதை குறையாது. பேரம் முடியும்போது விலை, அளவு, திகதி மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் வியாபாரியைத்தான் பெரிய கம்பனிக்காரரும் மதிப்பார். தனியே பழகும்போது இந்த நான்கு வசனத்தையும் தயங்காமல், நிமிர்ந்து நின்று சொல்லிப் பழகுங்கள். தைரியம் என்பது எல்லாம் தெரிந்த பிறகு வருவதல்ல. தெரியாததைத் தெரியாது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தாலே பயத்தில் பாதி போய்விடும்.

தனிப் பயிற்சியின் எல்லை

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியே பேசிப் பழகினால் நாக்கு இளகும், தயக்கம் போகும், நமது வசனங்கள் ஓடும். ஆனால் எதிரில் இருப்பவர் எதிர்பாராமல் கேட்பதை விளங்கிக் கொள்ளும் காது, மனிதர்களோடு பேசித்தான் வரும். ஆகவே பழகிய வசனத்தை வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துச் செல்லுங்கள். கடைக்கு வரும் கம்பனிப் பிரதிநிதியிடம் இரண்டு வசனம் ஆங்கிலத்தில் பேசுங்கள். பக்கத்துக் கடை நண்பரோடு அஸருக்குப் பிறகு பத்து நிமிடம் ஆங்கிலம் மட்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் மகளிடம் திருத்தச் சொல்லுங்கள். வாப்பா படிக்கிறார் என்பதைக் காணும் பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

வாயில் ஆங்கிலம் ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்காக, ஆங்கிலத்தில் எழுதிய குத்தகைப் பத்திரத்திலோ கடன் ஒப்பந்தத்திலோ ஒப்பம் வைத்து விடாதீர்கள். பேச்சு வேறு, பத்திரம் வேறு. அதை விடயம் தெரிந்த ஒருவரிடம் வரிக்கு வரி வாசித்து விளங்கிய பிறகே பேனையை எடுங்கள்.

இந்த வாரத்துக்கான வேலை

முப்பது வசனமும் ஒரேயடியாக வேண்டாம். மேலே சொன்ன நான்கு வசனங்களோடு, உங்கள் கடையில் அதிகம் விற்கும் பொருளைப் பற்றி ஐந்து வசனம் எழுதுங்கள். நாளை காலை கடைக் கதவைத் திறந்ததும், முதல் வாடிக்கையாளர் வரும் முன், அந்தப் பொருளைக் கையில் எடுத்து மூன்று முறை சத்தமாகச் சொல்லுங்கள். கடைப்பையன் சிரித்தால் அவனையும் கூட நிறுத்திச் சொல்ல வையுங்கள். ஏழு நாள் தவறாமல் செய்தால் அடுத்த வாரம் அந்த ஐந்து வசனத்துக்குக் கொப்பியைத் திறக்க வேண்டியிருக்காது. பிறகு இன்னும் ஐந்து. ஆறு மாதத்தில், இன்ஷா அல்லாஹ், போன் மணி அடித்து மறுமுனையில் ஆங்கிலம் கேட்டால் மகனைத் தேடாமல் நீங்களே பேசி விலையை முடிப்பீர்கள்.